பலகையைத் திருப்பிக் கொடுத்த எந்திரம்

போன வருஷம் என் வலது தோள் என்னோடு பகைத்துக்கொண்டது. இழைப்புளியை நாலு தள்ளு தள்ளினால் கழுத்து வரைக்கும் வலி ஏறும். கையால் இழைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி தெரிந்த மறுநாளே சகலை வந்து நின்றார். பெரிய மரச்சாமான் கடைக்காரர்.

"பட்டறையப் பூட்டிட்டு நம்ம கடைக்கு வந்துடுங்க சகலை. ஏசியில உக்காந்து நாற்காலி விக்கலாம்."

நல்ல மனிதர்தான். ஆனால் நாற்காலி செய்கிறவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன் என்றால் எரிச்சல் வராதா?

அதனால்தான் பழைய திக்னஸ் பிளேனர் தேடிப் போனேன். பலகையை ஒரு பக்கம் நுழைத்தால் உருளைகள் இழுத்துக்கொள்ளும். உள்ளே சுழலும் கத்திகள் மேல்பக்கத்தைச் சீவிச் சமமாக்கி மறுபக்கம் அனுப்பும். தோளுக்கு வேலையில்லை. இதைவிடப் பெரியதாக வாங்கிவிட்ட ஒரு பட்டறைக்காரர் தன் பழையதை விற்றார். வார்ப்பிரும்பு, எருமை மாதிரி உடம்பு. என் கண்ணெதிரே ஒரு பலகையை ஓட்டிக் காட்டினார். வழவழவென்று வந்தது.

"லைன் குடுத்ததும் முதல்ல..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எனக்கா சொல்றீங்க? மரத்தோடயே வளந்தவன் நான்" என்றேன். சிரித்துக்கொண்டே பேச்சை விட்டுவிட்டார்.

அதைப் பட்டறைக்குள் இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவாராம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. த்ரீ பேஸ் லைன்தானே, மூன்று ஒயர் மாட்ட வித்தையா படிக்க வேண்டும் என்று நானே மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டதும் உறுமியது. பலகையை நீட்டினேன். வாங்காமல் என்னிடமே தள்ளியது. மறுபடி நீட்டினேன். வயிறு நிறைந்த விருந்தாளி மாதிரி மறுபடியும் தள்ளியது. அழுத்திப் பார்த்தேன். தோளில் சுருக்கென்றது.

"ஏமாத்திட்டான்! ஓட்டை எந்திரத்தை என் தலையில கட்டிட்டான்!" என்று கத்தினேன்.

பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மனைவி பிரஷ்ஷோடு வந்தாள். "நேத்து வரைக்கும் அவரு, இன்னிக்கு அவனா?"

மரக்கட்டைமேல் உட்கார்ந்தேன். கோபமெல்லாம் வாயில்தான், உள்ளே பயம். இது ஓடாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். ஏசி அறையும் விலைச்சீட்டு தொங்கும் நாற்காலிகளும் கண்முன் வந்து போயின.

அவள் எந்திரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். "இப்பிடிக் குடுத்தா என்ன பண்ணுது?"

"அது பலகை வெளிய வர்ற பக்கம்டி!"

சொல்லி முடிப்பதற்குள் நுழைத்துவிட்டாள். காத்திருந்தது போல இழுத்து என் காலடியில் போட்டது. எடுத்துத் தடவினேன். ஒரு சீவல்கூட உரியவில்லை. மேல்பக்கம் பளபளவென்று தேய்ந்து கருகல் வாசனை அடித்தது.

"முன்னால குடுத்தா வேணாங்குது, பின்னால குடுத்தா வாங்கிக்குது. இது திரும்பி ஓடுதுங்க" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. த்ரீ பேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கத்தி தன் முதுகால் தேய்த்திருக்கிறது. முதலில் சுற்றும் பக்கத்தைப் பார் என்றுதான் அந்த மனிதர் சொல்ல வந்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும்.

மெயினை அணைத்து இரண்டு ஒயரை மாற்றினேன். முன்பக்கம் பலகையை நீட்டினேன். உருளைகள் மரியாதையாக வாங்கிக்கொண்டன. தரையெல்லாம் சீவல் கொட்டியது. மறுபக்கம் அவள் பலகையை ஏந்தினாள்.

என் பலகையில் மேடும் பள்ளமும் கண்டுபிடிப்பதே அவள் பிழைப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"உப்புத்தாளுக்கு வேலையே இல்லையேங்க" என்றாள்.

போன் அடித்தது. சகலை. அவள்தான் எடுத்தாள்.

"சொல்லுங்க அத்தான்... இல்ல, கடைக்கு அவரு வரமாட்டாரு. ஆமா, ஓடுது. இப்ப நேராவே ஓடுது." கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்தினாள். "கடைக்கு வேணுங்கிற பலகையெல்லாம் நீங்க இழைச்சுத் தருவீங்களான்னு கேக்குறாரு."

"வரிசையில நிக்கச் சொல்லு" என்று அடுத்த பலகையைத் தூக்கினேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.