வருகிறவர்களுக்குப் பதினோரு வார்த்தை

கடலோர ஊரான துப்ரோவ்னிக்கில் கோட்டைக்குள் வீடு வைத்திருப்பவர்கள் கோடையில் தங்கள் கட்டிலில் படுப்பதில்லை. ஏப்ரலில் அலமாரியைக் காலி செய்து, மாடியை வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய்ச் சாடிகளோடு கீழ்ச் சரக்கறையில் முடங்கிக்கொள்வார்கள். டேஷாவின் மாமியார் அப்படித்தான் முடங்கினாள். டேஷாவும் முப்பத்தெட்டு வருஷமாக முடங்குகிறாள். நவம்பர் ஒன்றாம் தேதி புருஷன் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து மாடியேறினால் கட்டில் மறுபடி அவளுடையது. சரக்கறை ஈரத்தில் ஊறிய முழங்கால்களுக்கு அந்த ஐந்து மாதம்தான் உயிர்.

அந்த ஐந்து மாதத்தில்தான் மகன் ஓர்சத் கை வைத்தான்.

"இப்பல்லாம் கிறிஸ்துமஸுக்கும் கூட்டம் வருதும்மா. பிப்ரவரித் திருவிழாவுக்கும் கேக்கறாங்க. குளிர்காலத்துக்கும் மாடியை விட்டா என்ன?"

"என்னை எங்கடா விடுவே?"

"கீழே ஹீட்டர் வாங்கி வைக்கிறேன்."

"சாடிக்குக் குளிருதுன்னா வாங்கி வை."

ஓர்சத் சிரித்தான். "சரி, இந்த சீசன் போகட்டும். வர்றவங்க நெட்ல நல்லபடியா எழுதினா குளிர்லயும் ஆள் வரும். திட்டி எழுதினா எவன் வரப்போறான்? நீயே ஏறிக்கோ. அப்புறம், வர்றவங்க வழக்கமா பண்ற தப்பையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடேன். மொழிபெயர்த்துக் கதவுல ஒட்டிடறேன்."

"எழுதறேன். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

"மாத்தலை."

டேஷா தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவள். யாரை எந்தச் சொல்லில் கிளப்பலாம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் துணைக்கு எதிர்வீட்டுத் தோழி பாவேயை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். சந்து அவ்வளவு குறுகல். பேசக் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

"படிச்சவன் வயிறெரிஞ்சு ஊருக்குப் போய் நம்மளைத் திட்டி எழுதணும். எதுல ஆரம்பிக்க?"

"பெட்டி."

டேஷா எழுதினாள்: சக்கரப் பெட்டியைப் படியில் இழுக்காதீர்கள். தூக்க முடியாத அளவு துணி கொண்டுவந்தது உங்கள் குற்றம், எங்கள் காதின் குற்றமல்ல.

"அம்மணமா திரியறது?"

கடலில் உடுத்துவது கடலோடு. சட்டையில்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ் அபராதம் போடும். நாங்கள் சிரிப்போம்.

"காபி. நடந்துக்கிட்டே குடிக்கிறாங்களே."

காபிக்கு உட்காருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார நேரமில்லாதவர்கள் இங்கே வர நேரம் கண்டது எப்படி?

"என் கொடித்துணியைப் படம் எடுக்கிறான்டி. அந்தப் பழைய உள்பாவாடையை."

"அதை எடுத்தவன் ஏற்கெனவே தண்டனை அனுபவிச்சாச்சு," என்றாள் டேஷா. ஆனாலும் எழுதினாள். மத்தியானம் ஊர் தூங்கும்போது சந்தில் பேசுவது, கோட்டை மதிலிலிருந்து சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது, கோயிலை நிழலுக்காக நுழையும் இடமாக வைத்திருப்பது எல்லாம் ஏறின. இன்னும் சிலவும் சேரப் பத்து ஆயிற்று. சற்று யோசித்து அடியில் எழுதினாள்: பதினோராவது தப்பு, வந்தது.

பாவே வாங்கிப் படித்தாள். "இதைப் பார்த்தா நானே ஊரைக் காலி பண்ணிடுவேன்டி."

தாளைக் கதவில் ஒட்டியும் வந்தவர்களில் ஒருவரும் காலி பண்ணவில்லை. தாளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஓர்சத் கைபேசியோடு வந்து, வந்தவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டினான்.

"'இவ்வளவு உண்மை பேசற வீட்டை நாங்க எங்கயும் பார்த்ததில்லை.' கேளும்மா. 'பதினோராவதைப் படிச்சு வெக்கப்பட்டோம். மறுபடியும் வருவோம்.'"

"வெக்கப்பட்டவன் எதுக்குடா மறுபடி வரான்?"

"பிப்ரவரி முடிய நிறைஞ்சிருச்சு. உன் தாளாலதான்."

அதைவிடக் கொடுமை, அவர்கள் தாளில் இருந்தபடியே நடந்தார்கள். பெட்டியைத் தோளில் சுமந்து ஏறினார்கள். மத்தியானத்தில் சந்து கப்சிப்.

"நேத்து வந்தவன் என் காய்கறிப் பையை மாடி வரைக்கும் தூக்கி வச்சுட்டுப் போனான்டி," என்றாள் பாவே. "உன் பிள்ளை என்னிக்காவது தூக்கியிருக்கானா?"

"நீ யார் பக்கம்?"

"பை தூக்கறவன் பக்கம்."

நவம்பர் ஒன்று வந்தது. கல்லறையிலிருந்து திரும்பிய டேஷா சரக்கறைக்குள் போகவில்லை. நேராக மாடியேறினாள். மேலே பக்கத்து நாடான ஸ்லோவேனியாவிலிருந்து வந்த தம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்கு இந்தப் பாஷை புரியும். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இது என் கட்டில். எனக்கு முழங்கால் வலி. நாளைக்கு வேறு இடம் பாருங்கள்.

கதவைத் திறந்த மனைவி அலென்காவுக்கு இவள் வயதுதான் இருக்கும். "வாங்க, வாங்க. யெர்னெய், எழுந்திரு. அந்தத் தாளை எழுதினவங்க இவங்கதான்."

யெர்னெய் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டேஷா தன் வீட்டு நாற்காலியில், கையில் கைப்பையோடு, நுனியில் உட்கார்ந்தாள்.

"நாங்க எல்லாம் ஒழுங்காத்தானே செய்யறோம்?" என்றாள் அலென்கா.

"செய்யறீங்க."

"ஏதாவது தப்பிருந்தா தயங்காம சொல்லுங்க. திருத்திக்கறோம்."

கேட்டேவிட்டாள். இனி வாயைத் திறப்பதுதான் பாக்கி. டேஷாவின் கண் கட்டிலுக்குப் போயிற்று. அலென்காவின் தலையணை ஜன்னல் ஓரம் கிடந்தது.

"ஒண்ணு இருக்கு," என்றாள்.

இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்தார்கள்.

"ஜன்னல் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. வடகாத்து அந்த இடுக்கு வழியாத்தான் வரும், கழுத்தைப் பிடிச்சுக்கும். சுவர்ப் பக்கம் படுங்க." எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து பச்சைக் கம்பளியை எக்கி எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "ராத்திரி இதைப் போர்த்திக்குங்க. மத்ததெல்லாம் பேருக்குத்தான்."

"உங்களை மாதிரி யாரு பார்த்துப்பா," என்று அலென்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டேஷா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே ஓர்சத் புது ஹீட்டரின் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"மேலே போனியா? அவங்ககிட்ட என்ன சொன்னே?" அவன் குரலில் பயம் இருந்தது.

"பச்சைக் கம்பளி எங்க இருக்குன்னு."

ஓர்சத்துக்கு மூச்சு வந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தான். "அது நீ போர்த்திக்கறதில்ல?"

"ஆமா," என்றாள் டேஷா. "வீட்லயே அதுதான் கனம்."