நெடுங்கரைப்பட்டியின் வியாழக்கிழமை

1976 ஜூலை 15, வியாழக்கிழமை, பரவையைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் நெடுங்கரைப்பட்டிக்கு மட்டும் வரவில்லை. புதன்கிழமை படுத்த ஊர் வெள்ளிக்கிழமை எழுந்தது. பானையில் ஊற வைத்த சோறு ஒரு ராத்திரி அளவுக்குத்தான் புளித்திருந்தது. ஆரப்பாளையம் போகும் காலை வண்டியில் வந்த கண்டக்டர் முத்துக்கருப்பன்தான் முதலில் கேட்டான். "என்னக்கா, நேத்து ஊரோட எங்க போனீக? மைல்கல்லு நிக்கிது, ஊரக் காணோம்." கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய சீனியம்மாள், நேற்று புதன்கிழமை, இதே வண்டியில்தானே வந்தேன், வெயில் ஏறுமுன்னே உனக்குக் கிறுக்கா என்று கேட்டாள். பரவை மார்க்கெட்டில் காலண்டர் வெள்ளிக்கிழமை காட்டியது. அந்த வியாழக்கிழமைதான் அவள் நிலத்துக்கு விசாரணை; கத்தரிக்காயை விற்ற கையோடு போக இருந்தாள்.

ஒண்ணரை ஏக்கர், ஒரு கிணறு, புருஷன் செத்தபின் அவள் தனியாகக் கட்டி ஆண்டது. அதை அரசாங்கம் நெல் கிடங்குக்காக எடுக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் அன்றைக்கு வந்து சொல்லலாம் என்று நோட்டீஸ். தன் நிலம் பள்ளம், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும், மேற்கே புறம்போக்குக் கரடு மேடாகச் சும்மா கிடக்கிறது, அங்கே கட்டுங்கள் என்று சொல்ல இரண்டு மாதமாக அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

நிலம் எடுக்க வந்த தாசில்தார் இன்பசேகரன் லஞ்சம் வாங்காதவர். காபியைக்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். ரயில்கள் நேரத்துக்கு ஓடிய வருடம் அது; அவருடைய கோப்புகள் ரயிலுக்கு முன்னால் ஓடின. வியாழக்கிழமை விசாரணையின் குறிப்பைத் திங்கட்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரும் ஆஜராகவில்லை, ஆட்சேபணை இல்லை, விசாரணை முடிந்தது. முடிந்துபோன நாள் எப்படி வரும்? அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் என்று ஊர் பழகியது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆப்சென்ட் விழுந்தது. வியாழக்கிழமை முகூர்த்தம் வைத்த ஒரு கல்யாணம் நின்று, இரண்டு குடும்பம் பகையானது.

நிலத்தைக் கையில் எடுக்கும் தேதியையும் இன்பசேகரன் முன்கூட்டியே எழுதியிருந்தார். அதுவும் வியாழக்கிழமை. போலீசோடு ஜீப்பில் போனார். ஒன்பதாம் மைல்கல்லை ஒட்டியே பத்தாம் மைல்கல் நின்றது. நடுவில் ஊர் இல்லை. மறுநாள் போனார். ஊர் இருந்தது, உத்தரவில் அந்தத் தேதி இல்லை. வரப்பில் நின்ற சீனியம்மாளிடம், விசாரணை முடிந்துவிட்டது, ஒருத்தரும் வரவில்லை என்றார்.

"எங்களுக்கு அந்தக் கெழமையே வரலையே சார். வராத நாள்ல நாங்க எப்பிடி வர?"

"கெழம தெரியாம தூங்குனதுக்குக் கவர்மெண்ட்டு பொறுப்பில்லம்மா."

"எழுதுன கை யாருது? அதுதான் பொறுப்பு."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அதை இன்பசேகரன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆனால் நெல் காத்திருக்காது. ஆரப்பாளையம் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் கிடந்தன. கிடங்கு எங்கே என்று மேலிடம் தினமும் போன் போட்டுத் திட்டியது. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையெழுத்தின்மேல் சிவப்பு மையில் கோடு கிழித்தார். 'விசாரணை நடைபெறவில்லை.' மறுநாள் காலை நெடுங்கரைப்பட்டிக்கு வியாழக்கிழமை வந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டார். சுருக்கமாகச் சொல் என்றார். சுருக்கி எழுதினது நீங்கள், நான் விரித்துத்தான் சொல்வேன் என்று சொல்லி, வடகிழக்கு மூலை எல்லைக்கல்லிலிருந்து சீனியம்மாள் ஆரம்பித்தாள். பள்ளத்தையும் கரட்டையும் முதல் கால்மணி நேரத்திலேயே சொல்லி முடித்தாள். இன்பசேகரன் தலை நிமிராமல், பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று எழுதினார். அவள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு இடுப்புச் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு, அடுத்த கல்லுக்குப் போனாள். எந்தப் பாத்தியில் எந்த வருடம் என்ன விளைந்தது, எந்த வாய்க்கால் யார் வெட்டியது என்று வரிசையாக வந்தது. பேசுகிறவர் முடிக்காமல் விசாரணை முடியாது; விசாரணை முடியாமல் அந்த நாள் முடியாது. நாலு மணிக்கு அவர் பேனாவை மூடினார்.

"முடிஞ்சதா?"

"இன்னும் கெணத்துக்கே வரல சார்."

வெயில் நாலு மணியிலேயே நின்றது. ஊருக்கு வெளியே நாட்கள் ஓடின; அந்த ஐப்பசியில் முந்நூறு மூட்டை நெல் நனைந்து முளைவிட்டது. மதுரையே நெடுங்கரைப்பட்டியைத் திட்டியது. சீனியம்மாள் சாப்பிடும்போதும் கண் அயரும்போதும் அவளுடைய நாத்தனார் முருகம்மாள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை வேண்டியவர்கள் மைல்கல்லைத் தாண்டிப் போய் வேலை பார்த்துவிட்டு வியாழக்கிழமைக்குத் திரும்பினார்கள். இன்பசேகரனால் எழ முடியவில்லை. எழுந்தால் விசாரணையை நடத்தாதவர் ஆவார். அவர் மனைவி விக்டோரியா, கண்டக்டர் முத்துக்கருப்பனின் வண்டியில் கேரியர் கொடுத்தனுப்பினாள். வெள்ளி, சனி, ஞாயிறுச் சாப்பாடெல்லாம் அவர் வியாழக்கிழமையே சாப்பிட்டார்.

எட்டு வருடம் ஆகிறது. நிலம் அவளிடம் இருக்கிறது. திண்டுக்கல் போகும் ராத்திரி வண்டிகள் ஒன்பதாம் மைல்கல்லைத் தாண்டியதும் நாலு மணி வெயில் சுள்ளென்று அடிக்கும். பழகிய பயணிகள் பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் படுதாவை இறக்கிவிடுகிறார்கள்.