நாள் ஆகாத கறி

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, என் வகுப்புத் தோழி சாய்மா போனில் ஒரு படம் அனுப்பினாள். தட்டு நிறைய பீஃப் பிரியாணி. கீழே, 'உங்க ஜெர்சிதான்டி' என்று எழுதியிருந்தாள்.

மந்தைவெளியில் எங்களுக்கு இரண்டு மாடுகள். ஒன்று நாட்டு மாடு, இன்னொன்று ஜெர்சி. ஊசி போட்ட மாட்டுக்குச் சிவப்புத் துணி கட்டுவோம். துணி இருக்கும்வரை பாலைக் கறந்து கீழே கொட்டுவோம், மாட்டை விற்க மாட்டோம். துணியே சொல்லிவிடும் என்பதால் வாயால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

போன வாரம் கறவை நின்ற ஜெர்சிக்குக் குளம்பில் சீழ் வைத்தது. அப்பா ஊரில் இல்லை. பென்சிலின் போட்ட டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

"பத்து நாளைக்கு இத கறிக்குக் குடுத்துடாதம்மா. மருந்து உடம்புலயே நிக்கும்."

கழுத்தில் துணியைக் கட்டினேன். மூன்றாம் நாள் ஜெர்சியைக் கழுவும்போது அவிழ்த்து, நாட்டு மாட்டின் கொம்பில் மாட்டிவைத்தேன். திரும்ப எடுத்துக் கட்ட மறந்துவிட்டேன்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜெர்சி இல்லை. காலையில் ஊரிலிருந்து திரும்பிய அப்பா, துணி இருந்த மாட்டை விட்டுவிட்டு மற்றதைச் சாய்மாவின் அப்பாவுக்கு விற்றிருந்தார். அவருக்கு ராயப்பேட்டையில் கறிக்கடை. அடி விழும் என்று நான் வாயே திறக்கவில்லை.

போன வருடம் காய்ச்சலுக்குப் பென்சிலின் போட்டதும் சாய்மா முகம் வீங்கி, மூச்சடைத்து, இரண்டு நாள் ஐசியூவில் கிடந்தாள். கடைக் கறி அவள் தட்டுக்கும் போகும் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

போன் போட்டேன்.

"சாப்ட்டியாடி?"

"அப்பவே. ரெண்டு தட்டு. இன்னாடி, அழுவுறியா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதான் நல்லா வெந்துச்சே, லூசு!" சிரித்தாள்.

"வெந்தாலும் முழுசா போவாதாம்டி. எங்கனா அரிக்குதா?"

சிரிப்பு நின்றது. "கழுத்துல... கொசுன்னு நெனச்சேன்."

"அம்மாவ எழுப்பு."

"தெரிஞ்சா அத்தா உங்க வீட்ல மாடே வாங்க மாட்டாருடி."

"எழுப்புடி!"

போனைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவை உலுக்கினேன். பாதி சொல்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுப்பா."

கை ஓங்கினார். அடிக்கவில்லை. தன் போனை எடுத்தார்.

"பாய், தங்கவேல் பேசறேன். தப்பு எங்க மேல. அந்த ஜெர்சிக்குப் பென்சிலின் போட்டிருக்கு. பாப்பாவ மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு. கடைல மிச்சம் கீற கறிய யாருக்கும் குடுக்காத. நான் வந்துகினே கீறேன்."

பனியனோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் போனில் இப்போது ஆட்டோ சத்தம் கேட்கிறது. சாய்மாவின் அம்மா டிரைவரை விரட்டுகிறார்.

"தாரணி, உதடு தடிச்ச மாரி கீதுடி."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"போன வெக்காத. பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. திட்டு என்ன."

"எரும," என்கிறாள். பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. நான் அதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.