ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்த எண்கள்

குடிநீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டருக்குத் திங்கட்கிழமை காலையிலேயே மனசு உறுத்த ஆரம்பித்தது. மேட்டுத் தொட்டியில் உள்ள கருவி அளக்கும் நீர்மட்டம் கால் மணிக்கு ஒரு முறை கேபிள் வழியாக வந்து அவள் திரையில் விழும். அதைப் பார்த்துத்தான் பம்பை ஓட்டுவாள், நிறுத்துவாள். தண்ணீர் தளும்பிக்கொண்டே இருப்பதால் கடைசி இலக்கம் ஒரு இடத்தில் நிற்காது. அன்றைக்கோ 310, 315, 315, 320 என்று எண்கள் அடக்க ஒடுக்கமாக வந்தன.

முந்தின சனிக்கிழமைதான் தொட்டி வழிந்து, கீழே இருந்த தெருவில் நாலு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பம்பை நேரத்துக்கு நிறுத்தவில்லை என்று அவளுக்கு மெமோ. திரையில் பாதித் தொட்டிதான் காட்டியது என்று அவள் சொன்னதைச் சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

லைன் பார்க்கும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டாள். கேபிளில் இரைச்சல் புகுந்து எண்ணைக் கெடுத்திருக்கும் என்றார் அவர். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண் வால் மாதிரி வரும். வழியில் ஒரே ஒரு இலக்கம் புரண்டாலும் கணக்கு ஒத்துப்போகாது. கணினி அதை ஏற்காமல் மறுபடி அனுப்பச் சொல்லிவிடும். பத்து நாள் பதிவைப் புரட்டினாள். எல்லாச் செய்தியும் சுத்தமாக வந்து சேர்ந்திருந்தது. அப்படியானால் பொய் வழியில் சேரவில்லை. கிளம்பும்போதே பொய்யாகக் கிளம்பியிருக்கிறது.

கிளம்பும் இடத்தில் இருந்தவர் அக்கா புருஷன். தொட்டிக் காவலர். இவளுக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். திருட்டுத்தனமாகத் தண்ணீர் விற்க லாரிக்காரர்களோடு கூட்டோ என்று கூட நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு விடவில்லை.

மதிய இடைவேளையில் சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிக்குப் போனாள். லாரி எதுவும் இல்லை. மாமா ஏணியில் தொங்கியபடி நீளமான அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து அறைக்குள் போய்க் கணினியில் எண்ணைத் தட்டினார். திரும்பினால் வாசலில் இவள்.

தொட்டி கழுவும்போது அளவுக் கருவியைக் கைநழுவ விட்டு உடைத்துவிட்டதாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் கையால் அளந்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சனிக்கிழமை ஏறிப் பார்த்தீங்களா மாமா?"

அவர் கையிலிருந்த ஈரத்தைத் துடைத்தார். "கால் வலிச்சுது. ரெண்டு மணி நேரம் குத்துமதிப்பாப் போட்டேன்."

"அதுக்கு மெமோ வாங்கினது நான்."

"தெரியும்மா."

அந்த 'தெரியும்'தான் அவளைச் சுட்டது. நாலு மணிக்குள் அவராகவே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தானே சொல்லப்போவதாகக் கூறிவிட்டு வந்தாள்.

மூன்றரைக்குச் சூப்பர்வைசரே அறைக்கு வந்தார். காவலர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், நல்ல மனுஷன், கருவி இன்று காலைதான் உடைந்ததாம் என்றார்.

இன்று காலை. அப்படியானால் சனிக்கிழமை தொட்டி வழிந்தது அவள் தப்பாகவே நிற்கும். அக்கா முகம் கண்ணுக்குள் வந்து போனது. பிறகு பத்து நாள் பதிவை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். போன புதன் மதியம் வரை எண்கள் தளும்பின. அதற்கப்புறம் ஒவ்வொன்றும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்திருந்தது.

"கருவி இப்படி அளக்காது சார். மனுஷன்தான் அளப்பான்."

மறுநாள் அவள் மெமோ ரத்தானது. மாமாவின் வேலை போகவில்லை. ஏணி இல்லாத கிடங்குக்கு மாற்றினார்கள். அக்கா மட்டும் ஒரு மாதம் போனை எடுக்கவில்லை. எடுத்த அன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். நல்லாயிருக்கேன் என்றாள் தங்கை. அக்கா அதை நம்பினாளா என்பது குரலிலிருந்து தெரியவில்லை.