பெங் ஹுவாட் வீட்டுக்கு விழுந்த சரி

பெங் ஹுவாட் செத்துப்போன சேதி சாமிக்கு எட்டவில்லை போலிருக்கிறது. கோயிலில் ஆ சாய் அவன் பெயரை வாசித்து, சாமியிடம் உத்தரவு கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் தரையில் போட்டான். ஒன்று மல்லாந்தது, மற்றது கவிழ்ந்தது. சாமி சரி சொல்லிவிட்டது. மறுபடி போட்டான், மறுபடியும் சரி. அந்த வருஷம் தீவின் சீனக் குடியிருப்பான பூன் சானில் வேறெந்த வீட்டுக்கும் அத்தனை சரி தொடர்ந்து விழவில்லை.

பழக்க தோஷம். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற ஆ சாய், பட்டியலில் அடிக்க வேண்டிய பெயரை அடிக்காமல் விட்டிருந்தான். ஆனால் விழுந்தது விழுந்ததுதான். சரி அதிகம் விழுந்த வீட்டுக்குத்தான் ஊதுபத்திச் சட்டி போகும். அந்த வீட்டார் வருஷம் முழுக்கக் காலையும் மாலையும் பத்தி கொளுத்த வேண்டும், திருவிழாவை நடத்த வேண்டும்.

தூணோரம் நின்றிருந்தாள் சியூ லெங். பெங் ஹுவாட் மனைவி அவள். வெள்ளிக்கிழமை விமானத்தில் பெர்த்துக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தாள். அங்கே மகள் ஹுய் மின்னுக்குத் தலைப்பிரசவம்.

"அண்ணி, தப்பு என்னுதுதான்" என்றான் ஆ சாய். "ஆனா சாமி சொன்னா சொன்னதுதான். மாத்திக் கேட்டா ஊருக்கு ஆகாது."

"செத்த மனுஷன் எழுந்து வந்து பத்தி கொளுத்துவாராடா?"

"நீங்க இருக்கீங்களே."

"நான் எங்க இருக்கேன்? பிள்ளை பெத்தவளுக்கு ஒரு மாசம் இஞ்சியும் வினிகரும் போட்டுப் பன்னிக்கால் வேக வைக்கணும். உன் பொண்டாட்டிய அனுப்புறியா?"

"பெர்த்துல கடையிலேயே கிடைக்குதாம்" என்றார் கிழவர் லோக். சுரங்கத்தில் பாஸ்பேட் தூசி தின்றே வயசானவர்.

"உங்க மகளுக்கு வாங்கிக் கொடுங்க. அவ எங்கே, இந்தத் தீவுலயா இருக்கா?"

அந்தக் கூட்டத்தில் யார் வீட்டுப் பிள்ளைதான் தீவில் இருந்தது?

சியூ லெங்குக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே போய் மண்டியிட்டாள், கட்டைகளைக் கையில் எடுத்தாள். "சாமி, என் புருஷனைத்தானே கேட்டே? அவர் சட்டியை நான் எடுத்துக்கறேன். என்கூட பெர்த்துக்கு வர்றியா?"

தரையில் போட்டாள். கட்டைகள் உருண்டு நின்றன. சரி. திரும்பப் போட்டாள். சரி. மூன்றாவதும் சரிதான்.

ஆ சாயின் முகம் வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள், கடைகள் மூடின, எல்லாவற்றையும் இந்த ஊர் சகித்தது. சாமியும் கிளம்பும் என்று எவரும் நினைத்ததில்லை. இரண்டு பெண்கள் போய்ச் சட்டியை எடுக்க விடாமல் மறித்து நின்றுகொண்டார்கள். அதில் ஒருத்தி சியூ லெங்கின் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒரு மாசந்தான், திரும்பக் கொண்டாந்துருவேன்" என்றாள் சியூ லெங்.

"எல்லாரும் ஒரு மாசம்னுதான் போனாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குரலில் கோபம் இல்லை, பயந்தான் இருந்தது.

சியூ லெங்குக்குச் சுருக்கென்றது. திரும்பி வர டிக்கெட் வாங்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். இவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆ சாய் வந்து அவள் எதிரில் குந்தினான். "அண்ணி, சட்டி என் வீட்ல இருக்கட்டும். அண்ணன் பேரைச் சொல்லி நானே பத்தி கொளுத்தறேன். நீங்க நிம்மதியாப் போங்க."

சற்று முன் மாற்றவே கூடாது என்றவன், இப்போது சாமி சொல்லையே மாற்றுகிறான். அதைச் சொல்லிக் குத்த அவளுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. கட்டைகளை அவன் கையில் கொடுத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. நெஞ்சில் ஏனோ சந்தோஷம் மட்டும் இல்லை.

வாசல் வரை கூடவே வந்தான் ஆ சாய். "அண்ணி, அடுத்த வருஷம் உங்க வீட்டுக்கு யார் பேரை வாசிக்கட்டும்?"

தன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வாசிக்க வேண்டாம்" என்றாள்.