மூன்றுக்கு ஐந்தில் ஒரு பாத்ரூம்

மாடிப்படிக்குக் கீழே மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். பழைய செருப்புகளும் உடைந்த குடைகளும் குடித்தனம் நடத்திய அந்தப் பொந்தை "சாத்தியங்களின் கருவறை" என்றார் உள்ளலங்கார நிபுணர். தையல்காரிக்கு அது வாயில் நுழையவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கம்மோடு, ஒரு குழாய், குளிக்க ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் அவள் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். முட்டிச் சில்லு உடைந்து கட்டுப் போட்டிருந்தது. வலது காலை மடக்கவே கூடாது. வீட்டிலோ ஒரே பாத்ரூம், அதுவும் மாடியில், பதினான்கு படி ஏறி. "எனக்காக யாரும் சுவரை இடிக்க வேணாம். முதியோர் இல்லத்துக்கே போயிக்கறேன்" என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள்.

நிபுணர் மடிக்கணினியைத் திறந்தார். படத்தில் பொந்து மைதானமாக விரிந்து கிடந்தது. நீளச் சுவரின் நடுவில் கம்மோடு, நேரெதிரே கதவு, பக்கத்தில் கைகழுவும் தொட்டி, மூலையில் ஒரு செடி, செடியைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பெண்.

அவள் வீட்டுக்காரர் சொக்கிப்போனார். "பாத்தியா, உள்ள ஆடவே இடம் இருக்கு!"

தையல்காரி அந்தப் பெண்ணை மட்டும் பார்த்தாள். முப்பது வருஷமாக உடம்பை அளந்த கண்.

"சார், இந்தம்மா என்ன உயரம்?"

"அது ஒரு குறியீட்டு உருவம், மேடம்."

"கதவு ஆறரை அடின்னு போட்டிருக்கீங்க. இவங்க அதுல பாதிகூட இல்லையே. எங்கம்மா அஞ்சடி நாலு."

நிபுணர் தொண்டையைச் செருமினார். "விசாலத்தை உணர்த்த உருவத்தைக் கொஞ்சம் சுருக்குவது வழக்கம்."

"நாங்க துணியைத்தான் வெட்டுவோம் சார். ஆளை வெட்டறதில்ல."

துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, கூடத்துத் தரையில் மூன்றுக்கு ஐந்து கட்டம் கிழித்தாள். கம்மோடு வரும் இடத்தில் முக்காலி.

"உக்காருங்க. வலது காலை நீட்டுங்க. மடக்கக் கூடாது."

இஸ்திரி போட்ட கால்சட்டை கதவுக் கோட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, வீட்டுக்காரரின் நாற்காலியை உதைத்து நின்றது.

"இப்பக் கதவைச் சாத்துங்க."

"கதவு என்பதே ஒரு மனத்தடைதான், மேடம்."

"அப்போ மொதல்ல உங்க வீட்டுல கழட்டிட்டு வந்து சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கண்டுகொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

தையல்காரி காலாலேயே கதவுக் கோட்டை அழித்தாள். கம்மோடு மூன்றடிச் சுவருக்குப் போனது, நீளவாக்கில் பார்த்தபடி. தொட்டி வெளியே வந்தது. செடிக்கு விடுதலை. தள்ளுகதவு போட்டால் திறக்க இடமே வேண்டாம். நிபுணர் மறுபடி உட்கார்ந்தார், மறுபடி நீட்டினார். ஷூ கோட்டுக்குள்ளேயே நின்றது. அதற்கப்புறமும் ஒரு சாண் மிச்சம்.

அவள் உடனே போன் போட்டாள். "அம்மா, காலை நீட்டிக்கிட்டு தாராளமா உக்காரலாம். கதவும் மூடும்."

"யாரை உக்கார வச்சுப் பாத்த?"

"கோட்டு போட்ட ஒரு பெரிய மனுஷரை."

"காலை மடக்காம எந்திரிச்சாரா?"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். நிபுணர் காற்றைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தார்; வீட்டுக்காரர் அவரது அக்குளில் கை கொடுத்திருந்தார்.

"இல்லம்மா. தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கு."

"அப்போ சுவத்துல ஒரு கம்பி அடிச்சு வை," என்றாள் அம்மா. "ஆழமா அடி. நான் அந்தாளை விடக் கனம்."