கணேசலிங்கத்தின் அடுப்பு

பெட்டிக்குள் கிடந்த கணவனின் நெற்றியில் திருநீறு பூசக் குனிந்தபோது சந்திரவதனாவின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. வீட்டுக்குள் நின்று தன் மூச்சைத் தானே கண்ணால் காண்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சுவரோரத்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று கிடந்தது.

லண்டன் பிளேஸ்டோவில் இருந்த அந்தக் கட்டடத்தின் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் சூடு அனுப்பும் பாய்லரைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் கணேசலிங்கம். அந்த வேலைக்குக் கவுன்சில் நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று வைத்திருந்தது. அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் தேத்தண்ணீர் குடித்து முடித்ததும், "என்ரை அடுப்பைப் பாத்திட்டு வாறன்" என்று நிலவறைக்கு இறங்கிவிடுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சொல்தான் இன்று வினையாகியிருந்தது.

"மச்சாள், ஹீட்டிங் நிண்டுபோச்சு."

கணவனின் அக்கா நீலவேணி இரண்டு கம்பளிச் சட்டைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். "ஓம், நான்தான் இவரை அனுப்பி நூத்து நிப்பாட்டச் சொன்னனான். பிரேதம் கிடக்கிற வீட்டிலை அடுப்பு எரியலாமே? தம்பியே அதை அடுப்பு எண்டுதானே சொன்னவன்."

அவளுடைய கணவர் ஆனந்தராஜா நிலவறைப் பூட்டின் திறப்பைப் பொக்கெற்றுக்குள் மறைக்கப் பார்த்தார்.

ஊரில் என்றால் ஒரு நாளில் எல்லாம் முடிந்திருக்கும். லண்டனில் பதிவு, பத்திரம், எரிக்க நேரம் கிடைப்பது என்று எட்டு நாள் இழுத்துவிட்டது. பெட்டி இன்று காலைதான் வீட்டுக்கு வந்தது. எட்டு நாளும் வதனா தேத்தண்ணீருக்குக் கேத்தில்கூடப் போடவில்லை. சோறு கறி எல்லாம் சொந்தக்காரர் கொண்டுவந்தார்கள். அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் ஜனவரி மாதத்தில், வெளியே கணுக்கால் அளவு பனி கிடக்கையில் இது என்ன கூத்து?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு டோரிஸ் கிழவி ஓவர்கோட்டும் தொப்பியுமாகப் பூங்கொத்தோடு நின்றாள். பெட்டியருகே வந்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு வதனாவின் கையைப் பிடித்து, கணேஷுக்காகத்தான் நிறுத்தினீர்களா என்று இங்கிலீஷில் மெல்லக் கேட்டாள். பரவாயில்லை மகளே, இன்றைக்கு ஒருநாள் நாங்கள் எல்லோரும் தாங்கிக்கொள்வோம் என்றாள். அந்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

எட்டு நாளாக வராத அழுகை வதனாவுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கிறிஸ்மஸ் அன்று கொதிக்கும் காய்ச்சலோடு படுத்திருந்த மனுசன், பாய்லர் நூர்ந்துபோனது தெரிந்ததும் அவளையல்லவா கீழே அனுப்பினார்! "கீழ்வீட்டு மனுசி விறைச்சுப்போகும், வதனா. சிவப்புப் பொத்தானை அமத்திப் பிடிச்சு இருபது மட்டும் எண்ணும். அவசரப்படாதையும்." அவள் பயத்தில் பன்னிரண்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். காய்ச்சலோடும் அவர் சிரித்த சிரிப்பு!

"அண்ணை, திறப்பைத் தாங்கோ." வதனா ஆனந்தராஜாவிடம் கையை நீட்டினாள்.

"என்னடி இது? அவனைத் தனிய விட்டிட்டு எங்கை போறாய்? ஐயர் வரப்போறார்!" என்றாள் நீலவேணி.

"அவரின்ரை வேலைக்குத்தான் மச்சாள் போறன்."

நிலவறையில் அவருடைய கம்பளிக் கார்டிகன் ஆணியில் தொங்கியது. அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். பாய்லரின் முன்னால் முழங்கால் ஊன்றிப் பொத்தானை அமத்தினாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு... பன்னிரண்டில் விரல் நழுவப் பார்த்தது. விடவில்லை. இருபதுக்கு முன்பே நீலச் சுவாலை பிடித்துக்கொண்டது. அவள் பொத்தானை விடாமல் இருபத்தொண்டு, இருபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். எதுவரை எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது.

மேலே வந்தபோது ஐயர் தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். குழாய்கள் டிக் டிக்கென்று சத்தமிட்டன. நீலவேணி ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். கார்டிகனோடு நின்ற வதனாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.